சுண்டை வேரில் கத்தரி: செந்தூல் வீட்டு ஓரத் தோட்டத்தில் நான்காவது முயற்சி

மார்ச் 30ஆம் தேதி நட்ட எட்டுக் கத்தரிச் செடிகளில் ஏழு, அக்டோபர் நடுவிலும் காய்த்துக்கொண்டிருக்கின்றன. இதே பாத்தியில் இதற்கு முன் நட்ட எந்தக் கத்தரியும் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. இம்முறை செடிக்குக் கீழே இருப்பது கத்தரி வேர் இல்லை, கத்தரியை ஒட்டுக்கட்டிய சுண்டை வேர். ரசாயன உரமோ பூச்சிமருந்தோ ஒரு துளிகூடப் போடவில்லை. கோலாலம்பூரில் வெண்டை, கீரை, கங்கோங் என்னும் வள்ளைக்கீரை, பயற்றங்காய் எல்லாம் வீட்டில் தாராளமாக வருகின்றன. கத்தரி மட்டும் பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே திடீரென்று தலை தொங்கிச் சாகிறது. பலர் அதோடு கைவிட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு உதவும் என்றுதான் அளவு, செலவு, தவறு எதையும் விடாமல் எழுதுகிறேன்.

இடம் கோலாலம்பூர்ச் செந்தூலில் ஒரு தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி. வரிசை வீட்டின் கடைசி லாட் என்பதால் பக்கவாட்டில் 18 அடி நீளம், 5 அடி அகலம் மண் கிடைத்தது. வீடு இரட்டை மாடி, கூரை விளிம்பு 22 அடி உயரம். மண் துண்டு வீட்டுக்கு வடக்கே இருக்கிறது. இதைச் சாதாரண விஷயமாக நினைத்ததில்தான் முதல் ஆண்டு பாதி வீணானது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 3 பாகையில் இருக்கிறது. மார்ச் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே சாய்கிறது; செப்டம்பர் நடுவில் மறுபடி உச்சி கடந்து தெற்கே போகிறது. டிசம்பரில் உச்சிவேளை நிழல், அதாவது இங்கே மதியம் ஒன்றே கால் மணி நிழல், 11 அடிக்கு விழுகிறது. ஐந்தடி மண் முழுவதும் இருட்டு. ஜூனில் வீட்டு நிழல் அந்தப் பக்கமே வருவதில்லை. ஆகவே இந்த மண்ணில் காய் என்றால் மார்ச் கடைசி முதல் செப்டம்பர் வரை. மற்ற மாதங்களில் கீரை. உங்கள் வீட்டுத் துண்டு தெற்கே இருந்தால் கணக்கு அப்படியே தலைகீழாகும். விதை வாங்குவதற்கு முன் திசைகாட்டியை எடுத்துப் பாருங்கள்.

மண் செம்மண், அதில் வீடு கட்டியபோது புதைத்த சிமெண்ட் கட்டிகளும் ஓடுகளும். 2023 ஏப்ரலில் ஒரு முழம் கொத்திவிட்டு நேராக மண்ணிலேயே ஒன்பது கத்தரி நட்டதுதான் முதல் முயற்சி. மே மாதம் ஒவ்வொன்றாக வாடின. பகலில் இலை தொங்கும், விடியற்காலையில் நிமிரும். மூன்றாம் நாள் நிமிராது. இலை பச்சையாகவே இருக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு வேளை ஊற்றினோம். அது நோயை ஊட்டி வளர்த்தது போலாயிற்று.

அந்த ஜூலையில் கட்டிய மேட்டுப்பாத்தி இன்றும் இருக்கிறது. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 2,600 மில்லிமீட்டர் மழை. அதுவும் சாயங்கால இடிமழையாக ஒரு மணி நேரத்தில் கொட்டிவிடும். தரை மட்டத்தில் உள்ள களிமண்ணில் வேர் மூச்சு விடவே முடியாது. 16 அடிக்கு 3 அடி, 26 செண்டிமீட்டர் உயரம் என்று பாத்தி எழுப்பினோம். வீட்டுப் பக்கம் ஒன்றரை அடி நடைபாதை, மதில் பக்கம் அரையடி இடைவெளி. கரைக்குச் சிமெண்ட் கல் நான்கு அடுக்கு, சாந்து இல்லாமல். இடுக்கு வழியே நீர் வடியட்டும் என்று. மொத்தம் 216 கல், ஒன்று 50 காசு. முதல் பெருமழையிலேயே நீளவாட்டுச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு வெளியே சாய்ந்தது. இரண்டடி நீளமுள்ள இரும்புக் கம்பி 12 வாங்கி, கல்லின் வெளிப்பக்கம் இடைவெளி விட்டு அடித்தபிறகு நின்றது. கம்பியை முதலிலேயே அடித்திருக்க வேண்டும்.

பாத்தியை நிரப்பும் கலவைக்கு இங்குள்ள நர்சரிகளில் சொல்லும் 3:2:1 கணக்கையே பிடித்துக்கொண்டோம்: மூன்று பங்கு மண், இரண்டு பங்கு மட்கிய எரு, ஒரு பங்கு ஆற்று மணல். சுங்கை பூலோ சாலையோர நர்சரிகளில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். எருவுக்கு ஆட்டுப்புழுக்கை 12 மூட்டையும் கருக்கிய உமி 6 மூட்டையும் சேர்த்தோம். ஆட்டுப்புழுக்கை புதியதாக இருந்தால் மூட்டையோடு ஒரு மாதம் நனைத்து வைத்து, சூடு அடங்கியபிறகுதான் கலக்க வேண்டும். கோழி எரு விலை மலிவு. ஆனால் மட்காததைப் போட்டால் வேர் கருகும், ஈயும் மொய்க்கும், பக்கத்து வீட்டில் முகம் சுளிப்பார்கள்.

சொட்டு மருந்துச் சோதனையில் மண்ணின் பி.எச். 4.8, அதாவது மிகுந்த புளிப்பு, என்று காட்டியது. சதுர மீட்டருக்கு 300 கிராம் டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) என்று அடிமண்ணையும் சேர்த்து இரண்டரைக் கிலோ தூவிக் கிளறினோம். ஐந்து வாரத்தில் 6.2 ஆனது. டோலமைட்டையும் எருவையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். எருவில் உள்ள தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும். இரண்டு வார இடைவெளி விட்டால் போதும்.

செலவு: கல் 108 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), சிறிய லோரியில் மண் இறக்கு கூலியோடு 220, ஆட்டுப்புழுக்கை 108, உமி 42, மணல் 60, டோலமைட் 5 கிலோ பை 15, கம்பி 48. மொத்தம் 601 வெள்ளி. இது ஒருமுறைச் செலவு. அதன்பிறகு ஆண்டுக்கு எருவுக்கு மட்டும் நூறுக்குள் ஆகிறது.

இந்தப் பாத்தியில் வெண்டை ஐந்தடி வளர்ந்தது. பாசாரில் (சந்தையில்) வேரோடு வாங்கிய கங்கோங்கின் அடித்தண்டை நட்டதே மூன்று வாரத்தில் அறுக்க வந்தது. தண்டுக்கீரை, பயற்றங்காய் எதற்கும் குறையில்லை. மண் சரியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் செப்டம்பரில் பத்துக் கத்தரி நட்டோம். நவம்பர் மழையில், முதல் பிஞ்சு விட்ட நேரத்தில், மறுபடி அதே வாடல். இம்முறை வீட்டு நிழலைக் காரணம் சொன்னோம். பிறகு வேர்முடிச்சுப் புழு என்று நினைத்துச் சதுர மீட்டருக்கு 250 கிராம் வேப்பம் புண்ணாக்கு போட்டோம். பிடுங்கிய வேரில் முடிச்சே இல்லை. வேரைப் பார்த்துவிட்டுப் புண்ணாக்கு வாங்கியிருந்தால் காசு மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது முயற்சி 2024 ஏப்ரலில், கார் போர்ச் ஓரத்தில், 16க்கு 16 அங்குலப் பாலிபேக்கில். எட்டுப் பை. புதுக்கலவை முழுவதும் வாங்க மனமில்லாமல் மூன்றில் ஒரு பங்கு பாத்தி மண்ணைக் கலந்தோம். அந்த ஒரு பங்கோடு நோயும் பைக்குள் ஏறிவிட்டது. தென்னை நார்த்தூளும் பாதிக்குப் பாதி போட்டதால் மழைநாளில் பை பஞ்சு போல் ஊறிக்கிடந்தது. ஜூனுக்குள் ஐந்து செத்தன.

அப்போதுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தோம். இதற்கு ஒரு கத்தியும் ஒரு கண்ணாடிக் குவளையும் போதும். வாடத் தொடங்கிய செடியின் அடித்தண்டில் மூன்று அங்குலத் துண்டு வெட்டி, வெட்டுமுகம் மட்டும் தெளிந்த நீரில் படும்படி பிடிக்க வேண்டும். குவளையை அசைக்கக் கூடாது. இரண்டு முதல் ஐந்து நிமிடத்தில் வெட்டுமுகத்திலிருந்து பால் போல வெள்ளை நூல் கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். ரால்ஸ்டோனியா என்னும் நுண்ணுயிர் தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிறது. அதனால்தான் மண்ணில் நீர் இருந்தும் செடி வாடுகிறது. நூல் இறங்காமல், கீழ் இலையிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தால் வேறு நோயைத் தேடுங்கள். நுனி மட்டும் தொங்கினால் தண்டுத் துளைப்பான் புழு.

வெதுவெதுப்பான ஈரமண் இந்த நுண்ணுயிருக்கு மிகவும் பிடிக்கும். கோலாலம்பூரில் வருடம் முழுக்க அதுதான். மண்ணில் பல ஆண்டு தங்கும், ஓடும் நீரிலும் மண்வெட்டியிலும் பரவும். தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் ஒரே குடும்பம், ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாற்றி நடுவது பயிர்மாற்றம் ஆகாது. மணத்தக்காளியும் அதே குடும்பந்தான். பாத்தி மூலையில் கீரைக்காக விட்டிருந்தோம். வெளியே வாட்டம் தெரியாமலேயே அது நோயைத் தாங்கி வைத்திருக்கக்கூடிய செடி. அதை எடுத்து, பாத்தியிலிருந்து தள்ளித் தனித் தொட்டிக்கு மாற்றினோம். செத்த செடிகளை வேர்மண்ணோடு பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்ப வேண்டும். வீட்டு உரத்தொட்டி அந்த அளவுக்குச் சூடாகாது, ஆகவே அதில் போடக் கூடாது. கத்தியை ஒரு பங்கு குளோராக்ஸ் (வெளுப்பு நீர்மம்), ஒன்பது பங்கு நீரில் முக்கித் துடைத்தோம்.

இயற்கை முறையில் இந்த நோய் வந்த செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. நோய் தாங்கும் வேரை வைப்பதுதான் வழி. கத்தரிக்கு அந்த வேர் சுண்டை. மலாய்க்காரர்கள் தெரோங் பிப்பிட் என்பார்கள். வாடல் நோயையும் வேர்முடிச்சுப் புழுவையும் ஒருசேரத் தாங்கும்.

சுண்டை விதைதான் இந்த வேலையிலேயே பொறுமையைச் சோதிப்பது. பாசாரில் விற்கும் பச்சைச் சுண்டைக்காயின் விதை முளைக்காது, முற்றியிருக்காது. செடியிலேயே பழுத்து மஞ்சளான காய் வேண்டும். ஜூலையில் அப்படிப் பறித்து, பிழிந்து, கழுவி உடனே விதைத்த 60 விதையில் ஒரு மாதத்தில் முளைத்தது நான்கு. புதுவிதைக்கு உறக்கம் உண்டு. மீதி விதையை நிழலில் காயவைத்துத் தாளில் மடித்து வைத்திருந்து, டிசம்பர் 1ஆம் தேதி விதைத்தோம். இம்முறை ஈரத்துணியில் ஐந்து நாள், பகலில் வெளியே, இரவில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் என்று மாற்றி மாற்றி வைத்துவிட்டு, குழித்தட்டில் மண்ணின் மேலேயே தூவி, மூடாமல் விட்டோம். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். 18ஆம் நாளிலிருந்து 40ஆம் நாள் வரை சிறிது சிறிதாக வந்து, 60க்கு 31 கிடைத்தது. அவசரமென்றால், பறவை எச்சம் விழும் மதிலோரங்களில் சுண்டைக் கன்று தானாக முளைத்திருக்கும். பென்சில் முனையளவு தண்டுள்ளதைப் பெயர்த்துப் பையில் தேற்றிக்கொள்ளலாம்.

சுண்டை மெதுவாக வளரும், கத்தரி வேகமாக வளரும். இரண்டின் தண்டும் ஒரே பருமனுக்கு வரவேண்டும் என்பதால் கத்தரியை ஐந்து வாரம் கழித்து, ஜனவரி 5ஆம் தேதி, விதைத்தோம். நீள ஊதாக் கத்தரி, விதை 4 வெள்ளி. இரண்டு தண்டும் 3 மில்லிமீட்டர் ஆனது பிப்ரவரியில்.

ஒட்டுக்கட்டும் முறை இது. முந்தின நாள் சாயங்காலம் இரண்டு செடிக்கும் நன்றாக நீர். மறுநாள் வெயில் தாழ்ந்தபின் புதிய சவர பிளேடு. சுண்டையை மண்ணிலிருந்து 10 செண்டிமீட்டர் உயரத்தில் நேராக வெட்டி, நடுவில் ஒன்றே கால் செண்டிமீட்டர் கீழ்நோக்கிப் பிளக்க வேண்டும். கத்தரி நுனியில் இரண்டு மூன்று இலை மட்டும் வைத்து, பெரிய இலையைப் பாதியாக வெட்டிவிட்டு, அடியை இருபக்கமும் ஆப்புபோல் அதே நீளத்துக்குச் சீவ வேண்டும். ஒரே இழுப்பில் சீவினால்தான் பரப்பு சமமாக இருக்கும். இரண்டு மூன்று தடவை சுரண்டினால் இடுக்கு விழும், ஒட்டாது. ஆப்பைப் பிளவில் செருகும்போது ஒரு பக்கமாவது தோலோடு தோல் பொருந்த வேண்டும். பிறகு ஒட்டைப் பிடித்துக்கொள்ளச் சிலிக்கோன் கிளிப். இணையக் கடையில் 100 கிளிப் 8 வெள்ளி.

அடுத்த ஒரு வாரம் ஒட்டு பிழைப்பது முழுக்க ஈரக்காற்றைப் பொறுத்தது. மூடியுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டி, 22 வெள்ளி. அடியில் நனைத்த துணி. பிப்ரவரி 20ஆம் தேதி கட்டிய முதல் பத்தும் செத்தன. பெட்டியைப் போர்ச்சில் வைத்திருந்தோம், காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டது, உள்ளே வெந்துவிட்டன. மார்ச் 3ஆம் தேதி கட்டிய பன்னிரண்டை வீட்டுக்குள் வெயிலே படாத அறையில் வைத்தோம். மூன்று நாள் மூடியைத் திறக்கவில்லை, மேலே துணி போட்டு மங்கலாக வைத்தோம். நான்காம் நாள் பத்து நிமிடம் திறப்பு, பிறகு நாளுக்கு நாள் கூட்டி, ஒன்பதாம் நாள் வெளியே. பன்னிரண்டாம் நாளிலிருந்து காலை வெயில். ஒட்டிய இடத்தில் நீர்த்துளி விழுந்த மூன்று பூஞ்சை பிடித்து அழுகின, ஒன்பது பிழைத்தன. அதில் எட்டு பாத்திக்குப் போயின. பெட்டி, கிளிப், பிளேடு, குழித்தட்டு, விதை எல்லாம் சேர்த்து 43 வெள்ளி.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே குறைந்தது மூன்று விரற்கடை நிற்க வேண்டும். கத்தரிக்கு வழக்கமாகச் செய்வதுபோல் மண் அணைக்கவே கூடாது. எட்டில் செத்த அந்த ஒன்று இதற்குச் சாட்சி. ஜூலை மழையில் அரித்த மண்ணை அள்ளி அதன் அடியில் குவித்தோம், மூடாக்கு வைக்கோலும் ஒட்டை மூடிக்கொண்டது. மூன்று வாரத்தில் ஒட்டுக்கு மேலிருந்த கத்தரித் தண்டு வேர்விட்டு மண்ணைத் தொட்டது, ஆகஸ்டில் வாடியது. குவளைச் சோதனையில் வெள்ளை நூல் இறங்கியது. அன்றே மற்ற ஏழின் அடியையும் கையகலம் சுற்றித் துப்புரவாக்கினோம். ஒட்டுக்குக் கீழே சுண்டை விடும் தளிரையும் வாரம் ஒருமுறை கிள்ள வேண்டும். இலை வெட்டு வெட்டாக, முள்ளோடு இருக்கும், அடையாளம் எளிது. விட்டால் இரண்டு மாதத்தில் கத்தரியை அமுக்கிவிடும்.

உரம், மாதம் ஒரு செடிக்கு ஒரு கிலோ மட்கிய ஆட்டெரு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மீன் அமிலம், லிட்டருக்கு 5 மில்லி. பாசார் மீன் கடையில் குடலும் தலையும் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். எடைக்கு எடை வெல்லம் சேர்த்து, மூடியை இறுக்காமல் ஒரு மாதம் வைத்து வடிகட்டினோம். வாய்க்கு வலை கட்டாவிட்டால் புழு வைத்துவிடும்.

துளைப்பான் புழு ஏப்ரல் முதலே வந்தது. தொங்கிய நுனியை ஒரு சாண் கீழே வெட்டி, புழுவோடு சோப்பு நீரில் முக்கினோம். வாரம் இருமுறை தவறாமல் செய்ததில் ஜூனில் குறைந்தது. துளை விழுந்த காயை செடியில் விடாமல் பறித்ததும் உதவியது. வெள்ளை ஈக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, பாத்திரம் கழுவும் சோப்பு 2 மில்லி, சாயங்காலத்தில் இலையின் அடிப்புறம் படும்படி. மழை வந்தால் மறுநாள் மறுபடி அடிக்க வேண்டும், அதைத் தவிர்க்க முடியவில்லை. புள்ளி வண்டைக் கையால்தான் பொறுக்கினோம்.

மழைநீர்த் தோங்கின் (பீப்பாயின்) வாயை நுண்வலையால் இறுகக் கட்டுங்கள், பைக்கு அடித்தட்டு வைக்காதீர்கள். இது டிங்கிக் காய்ச்சல் பரவும் ஊர். கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு, அதைவிட வீட்டுப் பிள்ளைகளின் உடம்பு முக்கியம். தாமானில் கொசுப்புகை அடிக்க வருவதாகத் தெரிந்தால் பறிக்கக்கூடியதை முன்னாடியே பறித்து, பாத்தியைத் தார்ப்பாயால் மூடிவிடுவோம்.

மே கடைசியில் முதல் பறிப்பு. அன்று முதல் இன்றுவரை சமையலறைத் தராசில் 33 கிலோ. ஜூலையும் ஆகஸ்டும் உச்சம். இப்போது நடுப்பகல் வீட்டு நிழல் பாத்தியைப் பிடித்துவிட்டது, காய் குறைகிறது.

அடுத்த முறை மாற்றப்போவது இடைவெளி. சுண்டை வேரில் நின்ற கத்தரி, சொந்த வேரில் நிற்பதைவிட முரட்டுத்தனமாகப் படர்கிறது. 16 அடியில் எட்டு, அதாவது இரண்டடிக்கு ஒன்று, கூட்டம் அதிகம். உள்ளே காற்று நுழையாமல் வெள்ளை ஈ அடைந்ததற்கு அதுவும் காரணம். மூன்றடிக்கு ஒன்றாக ஐந்தே செடி. ஒட்டையும் 10 செண்டிமீட்டருக்குப் பதில் 12இல் கட்டுவோம், மழைச் சேறு தெறித்தாலும் எட்டாது.

தக்காளிக்கு இதே சுண்டையைப் பிடிக்க வேண்டாம். அதற்கு நோய் தாங்கும் கத்தரி வேர்தான் பொருத்தம். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் அதற்கென்று ஈ.ஜி.203 என்ற கத்தரி ரகத்தைப் பரிந்துரைத்திருக்கிறது. மிளகாயைப் பாத்தியில் வைக்காமல் புதுமண் பையிலேயே வைத்திருக்கிறோம்.

ஒட்டுக்கட்டாமல் மிஞ்சிய சுண்டைக் கன்று ஒன்று பின்சந்து மதிலோரத்தில் ஆளுயரம் வளர்ந்து காய்த்துவிட்டது. வத்தலுக்குப் பச்சையாகப் பறித்தது போக, இரண்டு கொத்தை மட்டும் பழுக்க விட்டிருந்தோம். சென்ற வாரம் மஞ்சளானதும் பிழிந்து கழுவிய விதை இப்போது நிழலில் காய்கிறது. தாள் உறையின் மேல் எழுதியிருக்கும் தேதி டிசம்பர் 1.